தபாலில் வந்த சஞ்சீவி



திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்கும்பொழுது, மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டென்று வகுத்துரைக்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகில் இருந்து அம்மருந்தைக் கொடுத்துப் பேணுபவன் என்பன அந்நான்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நான்கனுள் வைத்தியனையும் பேணுபவனையும் அடியோடு நீக்கிவிட்டு, மருந்தை மட்டும் ஒரு காகிதக் கட்டில் வைத்துத் தபால்காரர் கையில் கொடுத்தனுப்பும் பெருவணிகம் ஒன்று உலகெங்கும் கிளைத்தது. அந்த மருந்திலும் என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குபவனுக்குத் தெரியாது. அவ்வணிகம் எவ்வாறு தோன்றியது, நம் நாட்டில் எவ்வாறு வேரூன்றியது, கோலார் தங்கவயல் போன்ற ஊர்களுக்குப் பிழைப்பை நாடிச் சென்ற நம்மவருக்கு அதனால் நேரக்கூடிய கேடு யாது என்பனவற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி ஆட்சி புரிந்த 1837 முதல் 1901 வரையிலான காலமே இவ்வணிகத்தின் பொற்காலம். இவற்றைப் 'பேடெண்ட் மருந்துகள்' என்று குறிப்பிட்டனர். பெயரைக் கேட்டதும், அரசாங்கம் ஆராய்ந்து உரிமைச் சாசனம் வழங்கிய மருந்து என்றே எவரும் எண்ணுவர். ஆனால் பேடெண்ட் உரிமை பெற வேண்டுமாயின் செய்முறையைப் பகிரங்கமாக எழுதிக் கொடுத்தல் வேண்டும். இம்மருந்துகளை விற்றோருள் மிகப் பெரும்பாலோர் செய்முறையை வெளியிட விரும்பாதவர்கள். ஆகவே அவர்கள் பேடெண்டை நாடாமல், மருந்தின் பெயரையும் அதன் முத்திரையையும் தமக்கே உரியனவாக்கிக்கொண்டனர். இத்தகைய மருந்துகளின்மீது 1783-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்து அரசாங்கம் ஒரு முத்திரை வரி விதித்து வந்தது. வரி செலுத்தியதற்கு அடையாளமாக ஒட்டப்பட்ட அரசாங்க முத்திரையைக் கண்ட பாமரர், அது மருந்தின் தரத்துக்கு அரசாங்கம் அளித்த நற்சாட்சி என்று நம்பிவிட்டனர்.

தாமஸ் ஹாலோவே என்பவர் 1837-ஆம் ஆண்டில் ஒரு களிம்பை விற்கத் தொடங்கினார். பின்னர் மாத்திரைகளும் செய்தார். விளம்பரத்துக்கு அவர் செலவிட்ட தொகை அக்காலத்தவரை வியக்கச் செய்தது. அதனினும் பெரிது அவர் ஈட்டிய செல்வம். அவர் பொருளைக் கொண்டு லண்டனுக்கு அருகே எழுப்பப்பட்ட மகளிர் கல்லூரியை 1886-ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியே திறந்துவைத்தார். மற்றொருவர் தாமஸ் பீச்சம். அவருடைய மாத்திரைப் பெட்டி ஒன்று ஒரு கினி பொன் பெறும் என்பது விளம்பரம். 1909-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இத்தகைய இரகசிய மருந்துகள் பலவற்றைச் சோதனைச் சாலையில் பகுத்துப் பார்த்து, முடிவுகளை ஒரு நூலாக வெளியிட்டது. பீச்சம் மாத்திரையில் இருந்தவை கரியபோளம், சுக்குப் பொடி, சோப்பு ஆகியனவே என்று அந்நூல் கூறிற்று. 56 மாத்திரைகளுக்கான சரக்குகளின் அடக்கவிலை அரை ஃபார்த்திங் மட்டுமே. விற்பனை விலையோ அதைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்டது. கரியபோளம் பேதியைத் தருவது. ஆகவே வயிறு கழிந்தது என்னும் அளவில் அம்மாத்திரை பொய் சொல்லவில்லை. வேறு பல நோய்களையும் அது போக்கும் என்ற உரையில்தான் பொய் புகுந்தது.

விலை அதிகம் என்பதோடு தீங்கு நின்றிருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. இந்தியாவில் இராணுவ வைத்தியராகப் பணியாற்றிய காலிஸ் பிரௌன் என்பவர், வாந்திபேதிக்கு மருந்தாக அமைத்த 'குளோரோடைன்' என்னும் திரவத்தில் அபினும், குளோரோபாரமும், கஞ்சாச் சத்தும் கலந்திருந்தன. அது வலியையும் பேதியையும் அடக்கியது உண்மை. ஆனால் தொடர்ந்து அருந்தியவர் பலர் அதற்கு அடிமையாயினர். அமெரிக்காவில் குழந்தைகளின் அழுகையை அமர்த்துவதற்கென்று தாய்மார் வாங்கிய ஒரு பாகில் மார்பீன் இருந்தது. அதனால் குழந்தை அமைதியாக உறங்கிற்று. சில குழந்தைகள் அவ்வுறக்கத்திலிருந்து எழவே இல்லை. பெண்களின் நோய்களுக்கென 1875-ஆம் ஆண்டு முதல் விற்பனையான லிடியா பிங்க்ஹாம் அம்மையாரின் மூலிகைக் கலவையில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபது பங்கு சாராயம் சேர்ந்திருந்தது. நோயுற்ற மகளிர் தம் குறைகளை அம்மையாருக்கே கடிதம் எழுதித் தெரிவிக்கலாம் என்று விளம்பரங்கள் அழைத்தன. அந்த அம்மையார் 1883-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அழைப்பு மட்டும் அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. 1905-ஆம் ஆண்டில் ஒரு மாத இதழாசிரியர் அவருடைய கல்லறையைப் புகைப்படம் பிடித்து வெளியிட்ட பிறகே வாசகர் பலர் உண்மையை உணர்ந்தனர்.

பத்திரிகைகள் நெடுங்காலம் இதைக் கண்டும் காணாதிருந்தமைக்குக் காரணம் உண்டு. மருந்து விளம்பரமே அவற்றின் பெருவருவாய். அமெரிக்க மருந்து வணிகர்கள் பத்திரிகைகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில், தங்கள் வணிகத்துக்கு எதிரான சட்டம் அந்த மாநிலத்தில் நிறைவேறினால் ஒப்பந்தம் ரத்தாகும் என்று ஒரு விதியைச் சேர்த்திருந்தனர் என்பது 1905-இல் அம்பலமாயிற்று. அவ்வாண்டு சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்னும் எழுத்தாளர் 'காலியர்ஸ்' வார இதழில் எழுதிய கட்டுரைத் தொடர் மக்களைத் தட்டியெழுப்பியது. 1906-இல் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம், சாராயம், அபின், மார்பீன், கோகேயின் முதலியன கலந்த மருந்துகளின் சீட்டில் அவற்றின் பெயரும் அளவும் குறிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. விற்பனையைத் தடுக்காமல் உள்ளிருப்பதைச் சொல்லும்படி மட்டுமே அச்சட்டம் கட்டளையிட்டது. அதுவே பல மருந்துகளின் சரக்கை மாற்றிவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இவ்வணிகத்துக்கு அடிகோலியவை மூன்று: அச்சகம், இருப்புப்பாதை, தபால். 1877-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா வி.பி.பி. என்னும் முறையைத் தொடங்கியது. 1880 முதல் மணியார்டர் அனுப்பும் பணியையும் அவ்விலாகாவே ஏற்றது. ஒரு கார்டில் முகவரி எழுதிப் போட்டால் போதும். பொருள் வீடு தேடி வரும். தபால்காரரிடம் விலையைச் செலுத்திக் கட்டைப் பெற்றுக்கொள்ளலாம். அப்பணம் விற்பவருக்கு மணியார்டராகப் போய்ச் சேரும். நூல்களும் விதைகளும் கைக்கடியாரங்களும் கடைத்தெருவே இல்லாத சிற்றூர்களை எட்டியது இம்முறையால்தான். ஆனால் பணம் செலுத்திய பிறகுதான் கட்டைப் பிரித்தல் இயலும். உள்ளே இருப்பது என்ன என்று அறிந்து வாங்கும் உரிமை அங்கே இல்லை. பிறர் அறியாமல் வாங்கலாம் என்பது மற்றொரு கவர்ச்சி. வெட்கத்துக்குரியன என்று மக்கள் கருதிய நோய்களுக்கு இம்முறை பெரிதும் ஏற்றதாயிற்று. வைத்தியர் முன்னிலையில் வாய் திறக்க நாணியவன் தபாற் கார்டில் எழுதத் துணிந்தான்.

எல்லாத் தயாரிப்பாளரையும் ஒரே தட்டில் நிறுத்தல் நேர்மையன்று. 1893-ஆம் ஆண்டில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் 'அமிர்தாஞ்சனம்' என்னும் வலி நிவாரணியைத் தொடங்கினார். அவரே 'ஆந்திர பத்திரிகா'வையும் நிறுவி, 1914-இல் அதைச் சென்னையில் நாளிதழாக்கினார். தலைவலிக்கு இட்ட களிம்பின் வருவாய் தேசிய இயக்கத்துக்குக் குரல் கொடுத்த பத்திரிகைக்கு உரமாயிற்று. 1901-ஆம் ஆண்டில் லாகூரில் பண்டித தாகூர் தத்த சர்மா 'அமிர்ததாரா'வைத் தொடங்கினார். இப்பெயரால் வழங்கும் நீர்மருந்தின் அடிப்படை எளியது. கற்பூரம், புதினாவிலிருந்து எடுக்கும் மெந்தால் உப்பு, ஓமத்திலிருந்து எடுக்கும் தைமால் உப்பு ஆகிய மூன்றும் கெட்டிப் பொருள்கள். மூன்றையும் ஒரு புட்டியில் இட்டுக் குலுக்கினால், சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே அவை உருகித் திரவமாகிவிடும். கலவையின் உருகுநிலை தனிப்பொருள்களின் உருகுநிலையைவிடத் தாழ்ந்துவிடுவதே இதன் காரணம். பார்ப்பவருக்கு இது ஒரு சித்து வேலை போல் தோன்றும். உண்மையில் பள்ளி மாணவன் விளங்கிக்கொள்ளக்கூடிய இரசாயனம். மெந்தால் தோலிலுள்ள குளிர்ச்சி நரம்புகளைத் தூண்டி வலியுணர்ச்சியை மறக்கச் செய்கிறது. தலைவலிக்கும் சளியடைப்புக்கும் இத்தகைய மருந்துகள் இதம் தருதல் உண்மையே. இதம் தருவது வேறு. நோயைத் தீர்ப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மறைப்பதே பொய் விளம்பரத்தின் தொழில்.

அந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதைத் தங்கவயலில் தெளிவாகக் காணலாம். மைசூர் சமஸ்தானத்தின் கோலார்ப் பகுதியில் 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் சென்று குடியேறினர். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் முதலிய இடங்களில் எழுந்த குடியிருப்பு வரிசைகள் கன்னட நாட்டின் நடுவே ஒரு தமிழ் நகரை உருவாக்கின. கல்வியிலும் அந்நகரம் பின்தங்கவில்லை. 1907-இல் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாச பண்டிதருக்கு அங்கே உறுதியான வாசகர் கூட்டம் இருந்தது. அவருடைய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் இயங்கியது. சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டது. பண்டிதர் ஒரு சித்த வைத்தியர் என்பதையும் நினைவுகூர வேண்டும். நோயாளியை நேரில் கண்டு மருந்தளித்தவர் அவர். எழுத்தறிந்த மக்கள், ஒழுங்காகக் கிடைக்கும் கூலி, தபாலாபீசு, சொந்த ஊரைப் பிரிந்த தனிமை ஆகிய நான்கும் கூடிய எந்த ஊரும் தபால் வணிகருக்கு விளைநிலமாகும். தங்கவயலில் இந்நான்கும் இருந்தன.

அவற்றோடு தீராத நோய் ஒன்றும் இருந்தது. தங்கம் தனியே கிடைப்பதில்லை. வெங்கச்சங்கல்லின் நாளங்களில் இழையோடிக் கிடக்கிறது. அக்கல் சிலிகா என்னும் பொருளால் ஆனது. துளையிடும்போதும் வெடி வைக்கும்போதும் பாறையை நொறுக்கும்போதும் அதன் தூசி காற்றில் பரவுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கினும் நுண்ணிய துகளோ நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரையிற் சென்று தங்கிவிடுகிறது. அங்கே காவல் புரியும் உயிரணுக்கள் அத்துகளை விழுங்கி, அதனால் தாமே மடிகின்றன. மடிந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. இவ்வாறு தழும்பு மேல் தழும்பாக வளர்ந்து, பஞ்சு போன்ற நுரையீரல் கெட்டித் தோலாக மாறுகிறது. இதுவே சிலிகோசிஸ். வறட்டிருமல், மூச்சிரைப்பு, உடல் மெலிவு என்பன இதன் குறிகள். இந்நோயுற்றவரைக் காசநோயும் எளிதிற் பற்றும். 1940-க்கும் 1946-க்கும் இடையே தங்கவயலில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்ததில், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்நோய்க்குறி காணப்பட்டது.

தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அத்தகைய நோயாளியின் கையில் ஒரு விளம்பரம் கிடைப்பதாகக் கொள்வோம். 'காசம், சுவாசம், க்ஷயம் யாவும் நாற்பது நாளில் நீங்கும். குணமில்லையேல் பணம் வாபஸ்' என்று அது கூறுகிறது. வாபஸ் கேட்டுக் கடிதம் எழுதுவோர் மிகச் சிலரே என்பதை விற்பவர் நன்கறிவார். அக்காலத்து இருமல் மருந்துகள் பலவற்றில் அபினைச் சார்ந்த சரக்குகள் கலந்திருந்தன. அவை இருமலை அன்றிரவு அடக்கிவிடும். நோயாளி உறங்குவான், காலையில் நோய் குறைந்ததென்றே கருதுவான், மீண்டும் அதே தூசியில் இறங்குவான். தீ மூண்டிருக்க, அபாய மணியின் நாவை மட்டும் கட்டிவைத்ததற்கு ஒப்பாகும் இது.

இவ்வாறு இழப்பது மருந்தின் விலை மட்டுமன்று. சிலிகோசிஸுக்கு மருந்து இல்லையே தவிர, தடுப்பும் பரிகாரமும் உண்டு. துளையிடும்போது நீரைப் பீச்சித் தூசியை அடக்கலாம், காற்றோட்டத்தைப் பெருக்கலாம், நோய் தொடங்கியவரைத் தூசியில்லாத வேலைக்கு மாற்றலாம். 1940-ஆம் ஆண்டில் மைசூர் அரசாங்கம் இந்நோய்க்கு இழப்பீடு வழங்குவதற்கான விதிகளை வகுத்தது. சுதந்திர இந்தியாவின் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் இது அரசாங்கத்துக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாயிற்று. ஆனால் இவ்வுரிமைகள் அனைத்துக்கும் வாயில் ஒன்றே. வைத்தியர் சோதித்து, எக்ஸ்ரே படம் எடுத்து, இன்ன நோய், இன்ன அளவு என்று எழுதிவைக்க வேண்டும். தபால் மருந்தை நம்பி வீட்டிலிருந்தவனுக்குப் படமும் இல்லை, பதிவும் இல்லை. அவன் இறந்தால், எதனால் இறந்தான் என்பதற்கு அவன் மனைவி மக்களிடம் சான்றும் இல்லை. இரகசிய மருந்து ஏழையின் கூலியிற் சில ரூபாய்களைக் கவர்வதோடு நிற்காமல், அவன் குடும்பத்துக்கு உரிய நியாயத்தையும் உடன் கொண்டுபோய்விடுகிறது. இவ்வணிகத்தின் மிகப்பெரிய தீங்கு இதுவே என்று கூறலாம்.

சட்டம் மெல்லவே விழித்தது. 1930-ஆம் ஆண்டில் கர்னல் ராமநாத சோப்ராவின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு நாட்டில் விற்கப்படும் மருந்துகளின் நிலையை ஆராய்ந்து மறு ஆண்டு அறிக்கை அளித்தது. 1940-இல் மருந்துச் சட்டம் பிறந்தது. தனியுரிமை மருந்துகளின் சீட்டில் சரக்குகள் குறிக்கப்பட வேண்டுமென்று அது விதித்தது. ஆனால் ஆயுர்வேத, யூனானி மருந்துகளை அன்று அது தொடவில்லை. 1964-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே அவற்றுக்கும் தனி விதிகள் வந்தன. இதற்கிடையில், 1954-ஆம் ஆண்டில் மருந்துகள் மற்றும் மாயப் பரிகாரங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. புற்றுநோய், நீரிழிவு, காசநோய், தொழுநோய், காக்காய்வலிப்பு முதலிய நோய்களின் பட்டியல் ஒன்று அதில் உண்டு. இவற்றைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்தல் குற்றம். தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதும் அவ்வாறே. முதன்முறை குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இச்சட்டம் பேச்சுரிமைக்கு முரணானது என்று மருந்து வணிகர் சிலர் வழக்குத் தொடுத்தபோது, 1959-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் சில பகுதிகளை மட்டும் நீக்கிச் சட்டத்தின் உயிர்நாடியை நிலைநிறுத்தியது. வியாபார விளம்பரம் யாவும் பேச்சுரிமை ஆகிவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சட்டத்துக்கு முன்னரே மனச்சாட்சியின் கட்டளைக்குப் பணிந்தவர்களும் உண்டு. காந்தியடிகள் தம்முடைய 'யங் இந்தியா', 'நவஜீவன்', 'ஹரிஜன்' ஆகிய இதழ்களில் விளம்பரமே வெளியிடவில்லை. பத்திரிகையின் வருவாய் வாசகரின் சந்தாவிலிருந்து வருதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் மூடப்பட்டன. பத்தாயிரம் அடிக்கும் கீழே சென்ற அச்சுரங்கங்களில் இப்போது ஆள் அரவம் இல்லை. ஆனால் தூசியை விட்டு வெளியேறிய பின்னரும் சிலிகோசிஸ் வளரக்கூடியது; பல ஆண்டுகள் கழித்தும் அது தலைகாட்டும். தங்கவயலை விட்டுப் பெங்களூருக்கும் பிற நகரங்களுக்கும் சென்றுவிட்ட முதியவர் ஒருவருக்கு மூச்சிரைப்பு உண்டானால், அவர் முற்காலத்தில் செய்த வேலை யாது என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுதல் நலம். கல்லுடைக்கும் தொழிலிலும், கல் பொடிக்கும் ஆலைகளிலும், பளிங்குக் கல் அறுக்கும் பட்டறைகளிலும் இன்றும் பிற மாநிலங்களில் உழைத்துவரும் நம்மவருக்கும் இது பொருந்தும்.

தபால் விளம்பரமும் மறையவில்லை, வாகனத்தை மாற்றிக்கொண்டது. கைத்தொலைபேசியில் படமும் பேச்சுமாக வருகிறது. வி.பி.பி. முறையின் பேரனாகிய, பொருளைப் பெறும்போது பணம் செலுத்தும் முறை வீட்டு வாசலுக்கே மருந்தைக் கொண்டுவருகிறது. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கொன்றில், 2024-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் பதஞ்சலி ஆயுர்வேத நிறுவனத்தின் விளம்பரங்களைக் கண்டித்தது. அந்நிறுவனத்தார் நாளிதழ்களில் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினர். 1954-இல் நிறைவேறிய சட்டத்துக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் வேலை குறையவில்லை என்பதற்கு இதுவே சான்று.

மொழி வேறாகிய ஓர் ஊரில் வாழ்வோருக்குத் தாய்மொழியில் வரும் விளம்பரம் உறவினர் சொல் போல் இனிக்கும். அவ்விடத்து ஆஸ்பத்திரியில் தம் நோயை விளக்கத் தயங்குவோருக்கு அது இன்னும் இனிக்கும். அந்நேரத்தில் வள்ளுவர் வகுத்த நான்கையும் கேள்விகளாக்கிக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னை நேரில் கண்டு சோதித்த வைத்தியர் யார்? இம்மருந்தில் உள்ள சரக்குகள் யாவை? இதனால் தீங்கு நேர்ந்தால் அருகிருந்து கவனிப்பவர் யார்? என் நோய் இன்னதென்று எங்கேனும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறதா? இவற்றுக்கு விடை கிடைக்கும் மருந்து அலோபதியாயினும், சித்தமாயினும், ஆயுர்வேதமாயினும் கொள்ளத்தக்கதே. விடை கிடையாதெனில், அந்தப் பணத்தைக் கொண்டு அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு வண்டியேறுவதே மேல். மொழி தெரிந்த அண்டை வீட்டாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அயலூரில் வாழும் தமிழன் தன் அயலானுக்குச் செய்யக்கூடிய சிறந்த உதவிகளுள் அதுவும் ஒன்று.